கைக்கு ஏறாத வளையல்

கலைப்பிரியாவின் கைக்கு வளையல் ஏறவில்லை. திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக் கூடத்தில், வளைகாப்புக்கு வந்த பெண்கள் சோப்பு நுரை தடவி, விரல்களை மடக்கிப் போராடினார்கள். கடைசியில் கடைக்கு ஆள் அனுப்பிப் பெரிய அளவாக வாங்கிவந்தார்கள்.

"எங்க வூட்டுச் சோறு அப்படி. வரும்போது குச்சியாட்டம் இருந்தா," என்றாள் மாமியார் கோவிந்தம்மாள்.

"அப்ப உம்புள்ள மட்டும் ஏங்க்கா இன்னும் வத்தலாவே கெடக்கான்?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

கூடம் சிரித்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு கலைப்பிரியாவும் சிரித்தாள்.

அவள் அம்மா கிருஷ்ணவேணி மட்டும் மகளின் கால்களைப் பார்த்தாள். மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. மாசமானால் வீங்கத்தான் செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் டாக்டரிடம் சொன்ன ஒரு பொய் நெஞ்சில் உறுத்தியது.

முதல் செக்கப்பில், எந்த வயசில் வயசுக்கு வந்தாய் என்று டாக்டரம்மா கேட்டார். பக்கத்தில் சம்பந்தி. மகள் வாயைத் திறக்குமுன் கிருஷ்ணவேணி முந்திக்கொண்டாள்: "பதிமூணுங்க."

"சரி. ரொம்பச் சின்னதுல வந்திருந்தா பிரஷரு, சுகர கொஞ்சம் கூடுதலா கவனிப்போம். அதான் கேட்டேன்."

உண்மையில் ஒன்பது. நாலாம் வகுப்புப் பிள்ளை என்று தெரிந்தால் ஊர் வாய்க்கு அவலாகிவிடும் என்று மறைத்தாள். நாலு வருஷம் கழித்து, தாய்மாமன் அப்பாதுரை சீர் செய்யக் கையில் காசு சேர்ந்தபோதுதான் மஞ்சள் நீராட்டினார்கள். சடங்கு நடந்த வயசே அவள் பெரியவளான வயசாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார்கள்.

வளைகாப்பு முடிந்து, காணையிலிருக்கும் தாய்வீட்டுக்குத் திரும்பும் காரில் கலைப்பிரியா கண்ணைத் திறக்கவில்லை. "தல பொளக்குதும்மா. கண்ணுல மின்மினி பறக்குது."

"கண்ணேறுடி. அத்தினி பேரு பாத்துக்கினு இருந்தாங்கல்ல. போனதும் சுத்திப் போடறேன். நாளைக்கு விழுப்புரத்துல புது டாக்டராண்ட உள்ளதச் சொல்லிடலாம்."

"இன்னிக்கே போயிடலாமேம்மா."

"வளையல் போட்ட கையோட ஆஸ்பத்திரிக்கா? இன்னிக்கு வூடு தங்கணும்டி."

வீட்டில் உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். "நெடியே வரல, பாத்தியா. கண்ணேறுதான்," என்று திரும்பினாள். பாயில் மகளுக்கு வலிப்பு இழுத்துக்கொண்டிருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. வளையல்கள் தரையில் மோதி உடைந்தன.

விழுப்புரம் ஆஸ்பத்திரி வராந்தாவில், சேதி கேட்டு வந்த சம்பந்தி நிற்பதைப் பார்த்தும் கிருஷ்ணவேணி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ ஒம்பது வயசுலயே பெரியவளாயிட்டாங்க. நாலாவது படிக்கும்போதேங்க. மறைச்சிட்டேங்க."

டாக்டர் கையை விடுவித்துக்கொண்டார். "அத வெச்சி மட்டும் எதுவும் சொல்ல முடியாதும்மா. தலவலின்னு சொன்னப்பவே கூட்டியாந்திருக்கணும்," என்று உள்ளே போனார்.

குழந்தையை எடுத்தார்கள். தாயைக் காப்பாற்ற முடியவில்லை.

கோவிந்தம்மாள் இன்றுவரை அந்தப் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு காணைக்கு வந்தால் கூடத்தில் உட்காருவாள். எதிர்ச்சுவரில் மஞ்சள் நீராட்டுப் படம் மாட்டியிருக்கிறது. கீழே 'கலைப்பிரியா, எட்டாம் வகுப்பு' என்று அச்சிட்டிருக்கிறது.