துரோகியின் ரொட்டிக்கடை

கேப்டன் குவாந்தாய் செத்ததை நான் நூற்றுப் பதினெட்டு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே மரத்தடி, அதே பக்கம் சாய்வு, அதே கடைசி வசனம். அவர் கண்ணை மூடியதும் அரங்கத்தில் இருக்கும் ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றுவார்கள். அதற்கப்புறம்தான் பின்வரிசைக்காரர்களுக்குத் திரையே தெரியும். "சீக்கிரம் சாவுங்கய்யா, நாங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்கோம்" என்று முதல் வாரம் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்கள்.

லாஸ் துஸ்காஸ் ஊருக்கு இருப்பது ஒரே தியேட்டர். அதில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது, படம் முடிந்ததும் பெருக்குவது எல்லாம் நான்தான். இருபத்தாறு வருடமாகிறது. இதற்கு முன்னால் எந்தப் படத்துக்கும் மலையிலிருந்து குதிரை ஏறி ஜனங்கள் வந்ததில்லை. இதற்கு வந்தார்கள். சிவப்பும் கறுப்புமாகப் போஞ்சோப் போர்வை போர்த்திக்கொண்டு, ஏதோ தேசிய விழாவுக்குப் போகிறவர்கள் மாதிரி வந்து, வாசலில் குதிரையைக் கட்டிவிட்டு உள்ளே போனார்கள். அவர்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தபோது குதிரைகள் வெளியே போட்டதையெல்லாம் அள்ளியதும் நான்தான். தேசபக்தியில் என் பங்கு அது.

ஐந்தாவது வாரம் சால்டா நகரத்து வானொலியிலிருந்து ஒரு பையன் வந்தான். செல்போனை என் வாயருகே நீட்டி, "இவ்வளவு பெரிய வெற்றி நம்ம ஜனங்களைப் பத்தி என்ன சொல்லுதுன்னு நெனைக்கிறீங்க?" என்றான்.

"உள்ள ஏசி நல்லா வேலை செய்யுதுப்பா" என்றேன்.

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. முதலாளி எவாரிஸ்தோ ஓடிவந்து செல்போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "வரலாற்றுத் தாகம்! நம்ம ஜனங்களுக்கு இருக்கறது வரலாற்றுத் தாகம்" என்றார். அதைத்தான் ஒலிபரப்பினார்கள்.

தாகமாம். ஊரில் ஒற்றை அறையில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. சுதந்திரப் போரில் சண்டை போட்ட கேப்டன் குதிரையேறக் கால் வைத்த அங்கவடி ஒன்றும், அவருடைய துணைத் தளபதி எழுதிய கடிதம் ஒன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. சாவி மருந்துக்கடையில் கிடைக்கும், போய் வாங்கிக்கொள்ள வேண்டும். படம் வந்த பிறகு அந்தச் சாவியை இரண்டு பேர் கேட்டு வாங்கினார்கள். ஒருவருக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. அந்தக் கடிதத்தைப் படித்தால், கேப்டன் குட்டைத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் ஒன்பது நாள் கிடந்து செத்தார் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 1817, மே மாதம். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கில் சாகிறவருக்காக யார் குதிரை ஏறி வருவார்கள்? படத்துக்கு ஒரு துரோகி வேண்டியிருந்தது.

அந்தத் துரோகியின் பெயர் பெர்லோத்தி. என் பெயர் ஓர்ஃபிலியா பெர்லோத்தி.

இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் இந்தப் படத்துக்குக் கதை எழுதுகிறவர் ஊருக்கு வந்து தங்கினார். தினம் காலையில் என் தம்பி டனிலோவின் பேக்கரிக்கு வருவார். மெலிந்த, பாவப்பட்ட முகம். டனிலோ அவருக்குக் கயோத்தே பூசணி இனிப்பு வைத்த பன் ஆறு கட்டிக் கொடுத்து, காசு வேண்டாம் என்றான். காகிதப் பையில் 'பெர்லோத்தி ரொட்டிக்கடை' என்று அச்சடித்திருக்கும். அவர் அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல பேரு" என்றார். ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டோம், ஒரு எழுத்தாளர் எங்கள் பெயரைப் பாராட்டினார் என்று.

முதல் நாள் முதல் காட்சியில் கையில் டார்ச்சோடு பின்னால் நின்றிருந்தேன். இடைவேளைக்கு அப்புறம் மாவு படிந்த கையோடு ஒருவன் வந்தான். கேப்டன் அவன் வீட்டில் ஒளிந்திருக்கும்போது, ஜன்னலில் விளக்கை வைத்து எதிரிக்கு ஜாடை காட்டினான். கேப்டன் அவனைப் பார்த்து, "பெர்லோத்தி, உன் ரொட்டியைத் தின்றேனே!" என்றார். அரங்கத்தில் பாதித் தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. என்ன செய்வதென்று தெரியாமல் டார்ச்சை அணைத்துவிட்டேன்.

அடுத்த வாரமே வியாபாரம் பாதியாகிவிட்டது. முப்பது வருடமாக ரொட்டி வாங்கிய செனோபியா, பிளாஸ்டிக் பையில் வரும் கம்பெனி ரொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடை வாசல் வழியே போனாள். டனிலோ வெளியே வந்து அவளை நிறுத்தினான்.

"என்னம்மா, எங்க ரொட்டி கசக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல டனிலோ. எங்க வீட்டுக்காரருதான் தொண்டைல எறங்க மாட்டேங்குதுன்றாரு."

"எங்க தாத்தா இத்தாலியிலேர்ந்து வந்து எறங்குனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. கேப்டன் செத்து தொண்ணூத்திநாலு வருஷம் கழிச்சு. பொறக்காத மனுஷன் எப்படிம்மா காட்டிக்குடுப்பாரு?"

"அப்ப அவரோட அப்பாவா இருக்கும்."

"அவங்கப்பா இத்தாலிய விட்டு அசையவே இல்ல!"

செனோபியா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அங்கேர்ந்தே கடுதாசி போட்டிருக்கலாம்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெருப்பில்லாம புகையாதுப்பா" என்றாள்.

"நெருப்பு எங்க அடுப்புல இருக்கும்மா. வந்து பாருங்க."

அவள் வரவில்லை. கெட்டவள் இல்லை செனோபியா. எங்கள் அம்மா செத்தபோது மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்டவள். அதனால்தான் எனக்கு அவள்மேல் கோபப்படக்கூடத் தெம்பு வரவில்லை.

டனிலோ தாத்தாவின் குடியேற்றக் காகிதத்தை நகலெடுத்து, தேதிக்குச் சிவப்பு மையில் கட்டம் போட்டு, கடைக் கண்ணாடியில் ஒட்டினான். நின்று படித்தவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். அவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 'துரோகியின் வீடு' என்று போட்டுக்கொள்ள அவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, இதில் நானும் ஒன்று செய்தேன். எங்கள் தியேட்டர் கட்டடம் ஒரு காலத்தில் இத்தாலிய சங்கத்தினுடையது. முன்கூடத்துச் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. '1911-இல் ஒரே கப்பலில் வந்திறங்கி, இந்தக் கூடத்தைக் கட்டியவர்கள்' என்று பதினான்கு பெயர்கள். ஆறாவது பெயர் எங்கள் தாத்தாவுடையது. படம் பார்க்க வருகிற அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். படம் வந்த அன்று எவாரிஸ்தோ ஆளுயர அட்டைக் கேப்டன் ஒன்றை வரவழைத்து, "அந்தச் சுவர்ல வை, ஓர்ஃபிலியா, அங்கதான் வெளிச்சம் நல்லா விழும்" என்றார். வைத்தேன். கல் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. படத்தைப் பார்த்த பிறகு எடுத்துவிடச் சொன்னேன். "ஜனங்க அது பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறாங்கம்மா. இப்பதான் தியேட்டர் பொழைக்குது. ஒனக்குச் சம்பளம் எங்கேர்ந்து வருதுன்னு நெனச்ச?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கடையிலிருந்து ஒன்றும் வராமல், அந்தச் சம்பளத்தில்தான் நானும் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பியின் பெயரைக் கெடுத்த படம்தான் தம்பிக்குச் சோறும் போட்டது.

டனிலோ மட்டும் அதுவரை படத்தைப் பார்க்கவே இல்லை. விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவன், காட்சி தொடங்கும் நேரத்துக்குப் படுத்துவிடுவான். ஒன்பதாவது வாரம் வந்தபோது மாவு பிசையவே வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் காட்சிக்குக் குளித்து, தலை சீவி, அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"ஒரு சீட்டு குடுக்கா."

"ஒனக்கு எதுக்குடா இது? வீட்டுக்குப் போ."

"என்னைய எதுக்கு வெறுக்கறாங்கன்னு நானும் பாக்கணும்ல."

கிழித்துக் கொடுத்தேன். விளக்கு அணைந்த பிறகு உள்ளே விட்டு, கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். பக்கத்தில் குதிரை வியாபாரி பாஸ்குவால் போஞ்சோவோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாகத் தெருவில் எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிற ஆள். இருட்டில் யாரென்று பார்க்காமல், தன் மாத்தே பானக் குவளையைத் தம்பியிடம் நீட்டினார். அவனும் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

நான் அவனுக்குப் பின்னாலேயே நின்றேன். பாதியில் எழுந்து வந்துவிடுவான், பிடித்து வெளியே கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்தேன். அவன் எழவில்லை. கேப்டன் முதல் சண்டையில் ஜெயித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். கேப்டனின் குழந்தை செத்தபோது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். அப்புறம் மாவுக் கையோடு அந்தப் பாவி வந்து ஜன்னலில் விளக்கை வைத்தான். ஜனங்கள் தரையை உதைக்க ஆரம்பித்தார்கள். "துரோகி! துரோகி!"

டனிலோ எழுந்து நின்றான். முஷ்டியைத் தூக்கினான்.

"துரோகி!" என்று கத்தினான். "பெர்லோத்தி, நாசமாப் போடா!"

அரங்கத்திலேயே பெரிய குரல் அவனுடையதுதான். "அப்படிப் போடு தம்பி!" என்று பாஸ்குவால் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். நான் கதவில் சாய்ந்துகொண்டேன். கேப்டன் செத்தார். தொப்பிகள் கழன்றன. டனிலோவும் அப்பாவின் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதான்.

விளக்கு வந்தது. பாஸ்குவால் பக்கத்தில் திரும்பினார். தான் தட்டிய முதுகு யாருடையது என்று பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

"நல்ல படம்" என்றார் பாஸ்குவால், எங்கோ பார்த்துக்கொண்டு.

"ரொம்ப நல்ல படம்" என்றான் டனிலோ.

அவர் தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் அவர் வீட்டுக்குக் கம்பெனி ரொட்டிதான் போனது.

கூட்டம் கலைந்ததும் தம்பியை முன்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அட்டைக் கேப்டனை ஒரு பக்கமாகத் தள்ளினேன். அது சரிந்து விழுந்தது.

"படிடா. ஆறாவது பேரு யாருதுன்னு படி. நீ நாசமாப் போன்னியே, அது இவரு பேருடா. ஒனக்கு வெக்கமா இல்ல?"

அவன் கல்லைப் பார்க்கவில்லை. குனிந்து, விழுந்துகிடந்த கேப்டனைத் தூக்கி, தூசியைத் தட்டி, பழைய இடத்திலேயே ஒழுங்காக நிறுத்தினான்.

"தெரியும்க்கா. எனக்குத் தெரியாதா?" என்றான். "ஆனா கத்துறப்ப எவ்வளவு சொகமா இருந்துச்சு தெரியுமா. எல்லாரும் ஒரே ஆளு மாதிரி இருந்தோம்க்கா. ரெண்டு மாசமா என் முதுகுல யாரும் கை வெக்கல."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவன் பின்னாலேயே வந்தான். நான் பெருக்கப் பெருக்க, இருக்கைகளை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுக்கொண்டே வந்தான். கடைசி வரிசைக்கு வந்ததும் நின்றான்.

"அக்கா, நாளைக்கும் ஒரு சீட்டு கெடைக்குமா?"

படம் பன்னிரண்டாவது வாரத்தில் ஊரை விட்டுப் போனது. பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள்: பதினைந்து லட்சம் பேர் பார்த்த வரலாறு, தன் வேர்களைத் தேடி வந்த ஜனங்கள். எவாரிஸ்தோ அதை வெட்டிச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டியிருக்கிறார், சலவைக்கல்லுக்குப் பக்கத்திலேயே.

அந்தப் பதினைந்து லட்சத்தில் என் தம்பி நான்கு பேர். நான்கு சீட்டையும் நான்தான் கிழித்துக் கொடுத்தேன்.