பிறந்த வீட்டுக் கோடி

"நல்ல வேட்டியா ஒண்ணு எடுத்துக் குடு கண்ணு" என்று வாசலிலிருந்து புருஷன் வழிச் சித்தப்பா சங்கிலி குரல் கொடுத்தார். வேலாமணி டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளுக்கு அடியில் கையை விட்டாள். வேட்டியோடு ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலமும் சேர்ந்து வந்தது.

பிரித்துப் பார்த்தாள். மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சேலை. கடைச் சீட்டை அவள் புருஷன் சின்னராஜ் கிழித்து எறிந்திருந்தார். சீட்டைக் குத்தியிருந்த குண்டூசி மட்டும் முந்தானையில் அப்படியே நின்றது.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் கிடந்தது.

பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு, வேட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சின்னராஜ் பெஞ்சின் மேல் கண்மூடிக் கிடந்தார். விடிகாலையில் ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒரு கால் நாடா கட்டியாகியிருந்தது. இன்னொன்றை அவள்தான் கழற்றினாள்.

அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் சாவு என்றால் வரிசையே திரண்டு வரும். இன்றும் வந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அழுவதற்கு ஆள் வேண்டுமே என்று பக்கத்து வீட்டு மருதாம்பாள் தன் இரண்டு மருமகள்களையும் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தாள்.

"மணி ரெண்டாகப் போவுது. மழ வேற விடமாட்டேங்குது. வேலாமணியோட பொறந்த ஊட்டுக் கோடித் துணி வராம எப்படி எடுக்கறது?" என்றார் சங்கிலி.

"வந்துருவாருங்க" என்றாள் மருதாம்பாள். "வருசந் தவறாம தீபாவளிக்குச் சேல அனுப்பற அண்ணன், இன்னிக்கு வராம இருப்பாரா? ஏம்புள்ள, தேவநேசன் நேர்லயே போயிருக்கான்ல?"

வேலாமணி தலையசைத்தாள்.

அவள் அனுப்பவில்லை. சின்னராஜோடு வேலை பார்த்த தேவநேசன், காலையில் யாரையும் கேட்காமல், "காரமடைதானுங்கக்கா, மொத பஸ்ஸப் புடிச்சு அண்ணனைக் கையோட கூட்டிட்டு வந்தர்றேன்" என்று குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். தடுக்க வாய் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன சொல்லித் தடுப்பது?

அவள் வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு மலையேறிய அன்றே அண்ணன் சுப்பண்ணன், "எனக்குத் தங்கச்சியே கெடையாது" என்று வாசலில் தண்ணீரைக் கொட்டிக் கழுவினான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வந்ததில்லை. முதல் தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பிறந்த வீட்டுச் சீர் வந்து இறங்க, அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் சின்னராஜ் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"மேட்டுப்பாளையத்துல உங்கண்ணனப் பாத்தேன். ஒண்ணும் பேசல. இதக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு."

விரித்த வேகத்தில் குண்டூசி விரலில் ஏறியது. அதன் நுனியில் குன்னூர்க் கடைச் சீட்டின் ஒரு துணுக்கு.

"எதுக்குங்க இந்தப் பொய்யி?" என்று கத்தினாள்.

அவருக்குக் கோபமே வராது. பீடி புகைத்தபடி சொன்னார்: "இத பாரு, பேக்டரி கேட்டுல நெருப்புப் பெட்டிய வாங்கி வெச்சுக்கிட்டுத்தான் எங்கள உள்ள விடறான். ஏன்? உள்ள பூராவும் மருந்து. ஒரு குச்சி போதும். உன்ற தலைக்குள்ளயும் அப்படித்தான். அண்ணன் வெறுத்துட்டான்னு நெனைக்கறது ஒரு குச்சி. அதக் கேட்டுலயே குடுத்துட்டு உள்ள போ."

"வெளிய வரயில திருப்பிக் குடுப்பானுங்களே?"

"நான் பாதி நாளு வாங்க மறந்துட்டு வந்தர்றேனே! நீயும் மறந்துரு. உன்ற தலைக்குள்ள என்ன வெக்கறதுன்னு நீதான் சொல்லோணும். உங்கண்ணனா வந்து சொல்லுவான்?"

அவள் சிரித்துவிட்டாள். சேலையைக் கட்டிக்கொண்டு மருதாம்பாளிடம் போய், "எங்கண்ணன் குடுத்தனுப்புனது" என்றாள். சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது. அதன்பின் வருடா வருடம் சேலை வந்தது. கடைச் சீட்டு இருக்காது. ஊசி இருக்கும். அவர் மறந்துதான் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று அவள் கேட்டதில்லை.

இத்தனை வருடக் கட்டடத்தையும் ஒரே வார்த்தையில் இடிக்க, தேவநேசன் இப்போது மலையேறி வந்துகொண்டிருந்தான். கட்டியவரோ பெஞ்சின் மேல் கிடந்தார்.

"பர்லியாறுகிட்ட மண்ணு சரிஞ்சு ரோட்ட அடைச்சிருச்சாமா. பஸ்ஸெல்லாம் கோத்தகிரி சுத்தித்தான் வருதாமா" என்று யாரோ வந்து சொன்னார்கள்.

அரை மணி கழித்துத் தேவநேசன் வந்தான். தனியாக.

குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றான். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. அந்த முகத்தைப் பார்த்ததுமே, காரமடை வாசலில் அவனுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று வேலாமணிக்குத் தெரிந்துபோயிற்று. பழைய வார்த்தைதான்.

"என்னப்பா, எங்க அவரு?" என்று சங்கிலி எழுந்தார்.

தேவநேசன் வாயைத் திறந்தான். "அவரு... அங்க நான் போயி..."

"ரோடு சரிஞ்சிருச்சுங்களா தேவநேசன்?" வேலாமணியின் குரல் உயர்ந்து வந்தது. காலையிலிருந்து அவள் உரக்கப் பேசிய முதல் பேச்சு.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாங்கக்கா" என்றான் மெதுவாக. "ரோடு... சரிஞ்சிருச்சு."

"அண்ணன் முன்னாடி பஸ்ல ஏறிட்டாருங்களா?"

"ஆமா... ஏறிட்டாரு. எனக்கு எடம் கெடைக்கல. அந்த பஸ்ஸு பர்லியாறுகிட்ட மாட்டிக்கிச்சு. நான் பின்னால கோத்தகிரி வழியா..." சட்டைக்குள் கிடந்த சிலுவையை விரலால் தேய்த்தான். "அழுதுட்டே ஏறுனாருங்கக்கா."

இந்தக் கடைசி வார்த்தை அவள் கேட்டு வாங்கியதில்லை. அவனாகக் கொடுத்தது. அப்போதுதான் வேலாமணிக்குக் கண் கலங்கியது.

"பாத்தீங்களா! நான் சொல்லல?" என்றாள் மருதாம்பாள்.

"மண்ண எடுக்கறதுக்குள்ள இருட்டிருமே" என்று சங்கிலி கையைப் பிசைந்தார். "கோடிக்கு என்ன பண்றது?"

வேலாமணி உள்ளே போனாள். பழுப்புக் காகிதத்தைக் களைந்துவிட்டுச் சேலையோடு வந்தாள்.

"இது இந்தத் தீபாவளிக்கு எங்கண்ணன் முன்னாடியே குடுத்தனுப்புனதுங்க. புதுசுதான். இதையே போடுங்க."

மருதாம்பாள் அதை வாங்கி விரித்தாள். முந்தானையில் அவள் விரல் நின்றது. ஊசியைப் பார்த்தாள். வேலாமணியைப் பார்த்தாள். பிறகு ஊசியைப் பதமாக உருவி, யாரும் பார்க்காமல் வேலாமணியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"பொறந்த ஊட்டுக் கோடி வந்திருச்சு" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "தூக்கறவங்க தூக்கலாம்."

மழையிலேயே எடுத்தார்கள். கூட்டம் வளைவு திரும்பும்வரை பறைச் சத்தம் கேட்டது. அப்புறம் தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பினார்கள். கடைசியாகப் போன மருதாம்பாள், "ஊத்திட்டு ஒடனே வந்தர்றேன். கதவ மட்டும் தாப்பாப் போட்டுக்காத" என்றாள்.

மாலைச் சங்கு ஊதியது. வழக்கம்போல வேலாமணி ஜன்னலுக்குப் போனாள். தொழிற்சாலை கேட்டிலிருந்து ஆட்கள் வெளியே வந்து, நெருப்புப் பெட்டியைத் திரும்ப வாங்கி, மரத்தடியில் ஒதுங்கிப் பீடி பற்ற வைத்தார்கள். இந்தக் குவார்ட்டர்ஸை இனி எத்தனை நாளைக்கு விட்டுவைப்பார்களோ! போய்த் தங்க ஒரு வாசல்கூட... அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினாள்.

பர்லியாற்றை நினைத்தாள். நின்றுபோன பஸ். முன் சீட்டில் அண்ணன். தலை நரைத்திருக்கும். கண்டக்டரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருப்பான், எப்போதும் பொறுமை கிடையாது. இறங்கி நடந்தே வந்துவிடலாமா என்று கேட்பான். "வேண்டாண்ணா, வழுக்கும்" என்று வாய்விட்டே சொன்னாள்.

வெறும் வீட்டில் அந்தக் குரல் சுவரில் பட்டு அவளிடமே வந்தது.

உள்ளங்கையைத் திறந்தாள். ஊசி அங்கேயே இருந்தது. சுவரில் தொங்கிய பழைய காலண்டரைத் திருப்பினாள். பின்பக்க அட்டையில் பழைய தீபாவளிகளின் ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. சில துருப்பிடித்திருந்தன. கடைசி ஊசிக்குப் பக்கத்தில் இதையும் குத்தினாள்.

அட்டையில் இன்னும் நிறைய இடம் இருந்தது.