உள்ளே விட்ட துணி

தையற்காரி தன் மகளுக்கு எதைத் தைத்தாலும் இடுப்பில் நாலு விரல் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பாள். வளர்கிற பிள்ளை, நாளைக்குப் பிரித்துவிட்டால் ஆச்சு என்ற நினைப்பு. இந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை. இடுப்பைச் சின்னதாகப் பிடித்துக்கொண்டேதான் வந்தாள். மூன்று முறை பிடித்ததில் உள்மடிப்பு எட்டு விரலுக்கு வந்து தடித்துக் கிடந்தது.

எல்லாம் அந்த மாத்திரை வந்ததிலிருந்துதான். மகளுக்கு வயது ஒன்பது. வீட்டில் கூப்பிடுவது பம்பரம். பேருக்கேற்ற பிள்ளைதான், கால் தரையில் பாவாது. பாதிப் பாடத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். கூட விளையாட ஒரு ஈ காக்கா வராது. கவனம் நிற்கட்டும் என்று டாக்டர் காலைக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அடேயப்பா, அது செய்த வேலை! இரண்டாவது வாரமே ஒரு முழுக் கதையைப் படித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னாள். முன் பெஞ்சுக்கு மாற்றினார்கள். ஒரு சிநேகிதியும் கிடைத்தாள்.

ஆனால் பசி என்ற ஒன்று எங்கோ ஓடிப்போனது. மத்தியான டப்பா கொடுத்தபடியே திரும்பி வந்தது. கெஞ்சினாலும் அதட்டினாலும் வாயில் போட்ட கவளம் கன்னத்திலேயே நிற்கும்.

"வேணாம்னு இல்லம்மா. உள்ள போக மாட்டேங்குது."

தையற்காரியின் கெட்டிக்காரத்தனமே வினையாகிப் போனது. பிடித்துத் தைத்த உடுப்பில் பிள்ளை கச்சிதமாகத் தெரிந்தாள். "நல்லாத்தானே இருக்கா, நீங்க ஏன் சும்மா பயப்படுறீங்க?" என்று டீச்சர் சிரித்தார். குளிப்பாட்டும்போது விலா எலும்பை எண்ணிப் பார்த்தவள் பெற்றவள் ஒருத்திதான்.

போன மாதம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "இருபத்து நாலு கிலோ இருந்த பொண்ணு. இருபதுக்குக் கீழ இறங்குனா மாத்திரையை நிறுத்திடுவேன்."

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பம்பரம் கேட்டாள்.

"நிறுத்துனா மறுபடி கடைசி பெஞ்சுக்குப் போகணுமாம்மா?"

தையற்காரி அந்தச் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

இன்று மறுபடி டாக்டரிடம் போனபோது பம்பரம் எடை மேடையில் ஏறினாள். இருபது கிலோ இருநூறு கிராம். நேற்று டேப்பை வைத்தபோது இடுப்பு இன்னும் அரை அங்குலம் குறைந்திருந்ததே! துணி தெரிந்த கண், பாவாடை இடுப்பில் தொய்வதைப் பார்த்துவிட்டது. தூக்கிவிடுவதுபோல் கை வைத்தாள். உள்மடிப்புக்குள் கெட்டியாகத் தட்டுப்பட்டது. வெட்டும்போது துணி நகராமல் மேலே வைக்கிற தட்டை இரும்புத் துண்டுகள், நாலு. காலையெல்லாம் தையற்காரி அவற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

மகளைப் பார்த்தாள். மகள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"பரவாயில்லையே, இருபதுக்குக் கீழ இறங்கலையே!" என்ற டாக்டர், டீச்சர் எழுதிய சீட்டைப் பிரித்தார். "மத்தியானத்துக்கு மேல கவனம் குறையுதாம். எடைதான் நிக்குதே, மாத்திரையை ஒரு படி ஏத்திடலாம். சரிதானேம்மா?"

சொல்லித் தொலையடி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் மாத்திரை நிற்கும், பிள்ளை தின்னும், பழையபடி தனி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை. அவள் விரலைப் பிடித்திருந்த சின்னக் கை இறுகியது.

"சரிங்க டாக்டர்" என்றாள். பாவி, சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாவாடையை வாங்கி மடியில் போட்டுப் பார்த்தாள். உள்மடிப்பின் ஓரமெல்லாம் கைத்தையல். ஆறு மாதத்துக்கு முன் ஊசியில் நூல் கோக்கப் பொறுமையில்லாமல் வீசி எறிந்த பிள்ளை, இப்போது ஒரே சீராக, கோணாமல் தைத்திருந்தாள்.

"நல்லா தச்சிருக்கேனாம்மா?"

"நல்லா தச்சிருக்கேடி" என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிரிப்பதற்குக் கத்தரியை எடுத்தாள்.

பம்பரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கையா அது, குச்சி.

"பிரிக்காதம்மா. அடுத்த மாசம் நாலு பத்தாது. இன்னும் ரெண்டு வைக்க அதுல இடம் இருக்கு."