சத்தத்துக்கு ஒரு லைசென்ஸ்

6 ஜனவரி 1964, திங்கள். திருப்பாதிரிப்புலியூர்.

தப்பு என்னுடையதுதான். எங்கள் பழைய ஊர்க்காரர் கொளஞ்சியப்பன் மாமாவின் துப்பாக்கி லைசென்சைப் புதுப்பிக்கும் மனுவை நவம்பரில் எழுதிக் கொடுத்தவன் நான். "இதுவரை சுட்ட விலங்குகள்" என்ற கட்டம் வந்தபோது அவரைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். "இல்லை" என்று எழுதினேன். ஏன் இல்லை என்று ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

இன்று மதியம், நான் வேலை பார்க்கும் மனு எழுதும் கடைக்குக் குமராட்சியிலிருந்து வந்துவிட்டார். கையில் சிதம்பரம் தாலுகா ஆபீஸ் கடிதம். பன்னிரண்டு வருடமாக ஒரு விலங்கையும் சுடாதவருக்குப் பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி எதற்கு? நாளைக்குள் விளக்கம் வராவிட்டால் மனு தள்ளுபடி. லைசென்ஸ் தேதி முடிந்ததால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. சம்பா கதிர் முற்றி நிற்கிறது. முந்தாநாள் காட்டுப்பன்றிகள் வயலில் ஒரு மூலையையே உழுதுபோட்டுவிட்டனவாம்.

கடைக்காரர் சுப்புராயன் கடிதத்தைப் படித்துவிட்டு, "வருஷத்துக்கு ரெண்டு பன்னின்னு போட்டுடுறா மஜீது. யாரு எண்ணப் போறா?" என்றார்.

மாமா சிரித்துவிட்டார். "ஊர்ல நம்புவானுவளா? 'எனக்கு ஏண்டா கறி குடுத்தனுப்பல'ன்னு மணியக்காரரே சண்டைக்கு வருவாரு."

"சுடத் தெரியாமதான் லைசென்சாய்யா?"

"ரவ போட்டாதானே சுடறது? வெடிமருந்தும் தேங்கா நாரும் வச்சு இடிச்சு வெடிச்சா போதும். அந்தச் சத்தத்துக்கே பன்னி கொள்ளிடத்து நாணலுக்குள்ள ஓடிப்பூடும். இவனக் கேளுங்க, தெரியும்."

தெரியும். பதினொரு வயது வரை குமராட்சியில்தான் இருந்தோம். மக்ரிப் தொழுதுவிட்டு வந்து வாப்பா கடை விளக்கை ஏற்றும்போது ஆற்றுப் பக்கம் ஒரு வெடி கேட்கும். அலமாரியில் சர்பத் பாட்டில்கள் கிணுகிணுக்கும். மார்கழியில் முதல் வெடி கேட்ட அன்று உம்மா, "கதிரு பால் புடிச்சிடுச்சு" என்று சொல்லிப் புது அரிசிக்குப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அடுத்த வெடி எப்போது என்று நான் விரல்விட்டு எண்ணுவேன். ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்தபின் கடலூர் வந்தோம். இங்கே கேட்பது ரயில் சத்தம். அதை வைத்து மாதம் சொல்ல முடியாது.

மாலை டைப்பிங் வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டு விளக்கத்தை அடித்தேன். முதல் தாளில் உம்மாவும் பாட்டில்களும் வந்துவிட்டன. தாசில்தாருக்கு அது எதற்கு? உருவி எடுத்து இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன். இரண்டாவது தாளில் இவ்வளவுதான்: "துப்பாக்கி பன்றிகளை விரட்டவே பயன்படுகிறது. பன்னிரண்டு சம்பாவும் சேதமில்லாமல் வீடு வந்து சேர்ந்திருக்கின்றன." சேதமில்லாமல் என்பது கொஞ்சம் அதிகமோ என்று, "பெரும் சேதமில்லாமல்" என்று மறுபடி அடித்தேன். மணியக்காரர் கையெழுத்தும் இருந்தால் பலம் என்று சுப்புராயனே மதியம் சொல்லியிருந்தார்.

வகுப்பு வாசலில் காத்திருந்த மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒரு உசுரையும் கொல்லலன்னு சொன்னா சாட்சி கேக்கறானுவ பாரு" என்றபடி ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தப்பு என்னுடையது என்பதால், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று தாளை வைத்துக்கொண்டேன்.

நாளை: காலை முதல் ரயிலில் சிதம்பரம். அங்கிருந்து பஸ்ஸில் குமராட்சி போய் மணியக்காரர் கையெழுத்து. மூன்று மணிக்குள் தாலுகா ஆபீஸில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும்.