இருபது வருடத் தவணை

நிதித்துறையில் அவரை ‘அட்டவணை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அரசாங்கத்தின் கடன் அடுத்த முப்பது வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் கோடு வரைவது அவர் வேலை. கோடு ஒவ்வொரு வருடமும் கட்டுக்கடங்காமல் மேலே ஏறும். உடனே மேலதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாட்டின் வளர்ச்சியை இன்னும் ஒரு சதவீதம் கூட்டிப் போடச் சொல்வார். கூட்டியதும் கோடு நல்ல பிள்ளையாகக் கீழே இறங்கிவிடும். பதினோரு வருடம் இப்படியே பூசி மெழுகியாயிற்று. அந்த வளர்ச்சி மட்டும் அட்டவணையை விட்டு வெளியே வரவே இல்லை.

இந்த வருடம் வெளிநாட்டில் கடன் கொடுப்பவர்கள் கோட்டை நம்ப மறுத்துவிட்டார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கியே பழகிய கஜானாவுக்கு மூச்சு முட்டியது. மிஞ்சியது ஒரே வழி, சொந்த மக்களிடம் விற்ற கடன் பத்திரங்களுக்குப் பணம் தருவதை இருபது வருடம் தள்ளிப்போடுவது. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, எந்தெந்த வருடத்துப் பத்திரங்கள் என்ற பட்டியலை அவரிடம் நீட்டினார்கள். ஏழாவது வரியை மட்டும் அவர் இரண்டு தரம் படித்தார்.

மாமனாரின் பத்திரம் அந்த வரியில்தான் வந்தது. அடுத்த மாதம் முதிர வேண்டியது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் மாமனார். ஓய்வுப் பணம் முழுவதையும் அதில் போடச் சொன்னதே மாப்பிள்ளைதான். மாமியாரின் இடுப்பு ஆபரேஷன் அந்தப் பணத்தை நம்பி இருந்தது. ஏழாவது வரியையும் கணக்கில் சேர்த்தார். வளர்ச்சியில் கை வைக்காமலே கோடு முதல்முறையாகக் கீழே இறங்கியது. மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். இவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானம் மாமனாரே போன் செய்தார்.

“மாப்பிள்ளை, வெளியில என்னென்னமோ பேசிக்கிறாங்க. தரகர் ஒருத்தர் நூத்துக்கு எண்பது தரேங்கறார். வித்துடட்டுமா?”

விற்கச் சொல்லும் வார்த்தை தொண்டை வரை வந்தது. கூடவே வேலை, ஜெயில், கல்லூரியில் படிக்கும் மகள் என்று எல்லாமும் வந்து நின்றன.

“உங்க இஷ்டம் மாமா.”

“இதுல என் இஷ்டம் என்ன இருக்கு? ஆபத்துன்னா நீங்க சொல்லமாட்டீங்களா?” என்று சிரித்த மாமனார், தரகரைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. மாலையே மாமனார் பத்திரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தன் வயது எழுபத்துமூன்றோடு இருபதைக் கூட்டிப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டார். மனைவி ‘அட்டவணை’யின் மேல் பாய்ந்தாள். அந்த ஆபீஸிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லையா என்று அழுதாள். மாமனார் அவளைக் கையமர்த்தினார்.

“சும்மா இரும்மா. பெரிய ஆளுங்க ரகசியமா பண்றது இவருக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா சொல்லாம இருப்பாரா? பாவம், அவரே ஆடிப்போய் நிக்கிறார்.” பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாது மாமா.”

மாமனார் நிம்மதியாகத் தலையாட்டினார்.