ஆளில்லா வீடு

மின் அலுவலகத்திலிருந்து வந்த காகிதத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. புரூஃப் ரீடர் முதலில் பார்த்தது அதைத்தான். முப்பத்தாறு வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து, பிறத்தியார் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே தலை நரைத்த மனிதர், வேறு எதைப் பார்ப்பார்? 'ஆளிள்ளா வீடு' என்று அச்சாகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, 'ள்ளா'வைச் சுழித்து, ஓரத்தில் 'ல்லா' என்று எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அந்த வீடு தன்னுடைய வீடு என்பது உறைத்தது.

விஷயம் இதுதான். மின் கட்டணம் ஒரேயடியாக மூன்று மடங்கு ஏறப்போகிறது. குடும்பங்கள் திண்டாடக் கூடாது என்று ஒரு பாதுகாப்புத் திட்டமும் உண்டு: ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்குப் பழைய கட்டணமே தொடரும். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் ஆளில்லாத வீடுகளுக்கும் அது கிடையாது. புரூஃப் ரீடர் வீட்டு மீட்டர் எட்டு மாதமாக ஓடியும் ஓடாமலும் கிடந்ததால், உள்ளே யாருமே இல்லை என்று அலுவலகம் தீர்மானித்துவிட்டது. ஆட்சேபம் இருந்தால், வியாழக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஆய்வாளர் வருவார். பக்கத்து வீட்டார் ஒருவருடைய சாட்சிக் கையெழுத்தும் வேண்டும்.

கூத்தைப் பாருங்கள். கட்டணம் ஏறப்போவதாகப் பேச்சு அடிபட்ட நாளிலிருந்தே மனிதர் ஃப்ரிட்ஜை விற்றார், ஃபேனை மறந்தார். காலையில் பின்வாசல் சந்து வழியாக நூலகத்துக்குப் போய் ஓசி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அதே சந்து வழியாக வந்து, இருட்டிலேயே ரொட்டியை மென்று தின்று படுத்துவிடுவார். இவ்வளவு கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்ததற்குக் கிடைத்த பரிசு, நீ இல்லவே இல்லை என்ற காகிதம். இனி விளக்கே போடாவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமே மூன்று மடங்காகும். அவருடைய பென்ஷனில் அதைக் கட்டினால் மாத்திரை வாங்க முடியாது.

அக்கா இருந்தவரை இந்தக் கவலையெல்லாம் அவருக்கு இல்லை. இரண்டு பேரும் கல்யாணம் கட்டாமல் இதே வீட்டில் காலத்தை ஓட்டினார்கள். "ஆள் இல்லாத ரூம்ல எதுக்குடா லைட்டு?" என்று சுவிட்சுகளை அணைத்துக்கொண்டே நடப்பது அக்காவின் வேலை. வெளியாட்களோடு பேசுவதும் அவள் இலாகாதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போனாள். இவர் பேச்சையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் வாய்விட்டுப் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு போஸ்ட் கார்டு நிரம்பாது. தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை.

சாட்சிக்கு என்று பார்த்தால் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரம்மா இருந்தார். குடிவந்து ஏழு மாசம். அந்த அம்மாவின் மிஷின் சத்தம் இவருக்கு மனப்பாடம். முகத்தைத்தான் பார்த்ததில்லை. கையெழுத்துக் கேட்கலாம் என்று மூன்று தடவை அந்த வாசல்வரை போனார். மூன்று தடவையும் கதவைத் தட்டாமலே திரும்பி வந்துவிட்டார்.

வியாழக்கிழமை நூலகத்துக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டார். அக்கா அறையைக்கூடத் திறந்து போட்டார். முன்கதவையும் அகலத் திறந்து வைத்தார். வீடு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து யாரோ கதவைத் தட்டினார்கள். ஆய்வாளர் என்று எழுந்து போனால், கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தார்.

"லைட்டு எரியறதப் பாத்தேன். புதுசா குடி வந்திருக்கீங்களா சார்?"

இல்லை என்று சொல்லத்தான் புரூஃப் ரீடர் வாயைத் திறந்தார். ஆனால் அந்த முகம் முழுக்கச் சிரிப்பு. அவரைப் பார்த்து ஒருவர் சிரித்து எத்தனை நாளாயிற்று.

"ஆமா," என்றார்.

"நல்லதாப் போச்சு. பக்கத்துல ஆளே இல்லாம என்னமோ மாதிரி இருந்துச்சு. முன்னாடி ஒரு அக்காவும் தம்பியும் இருந்தாங்களாம். அக்கா தவறிட்டாங்க. தம்பிய யாரோ சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. பாவம், வாயில்லாப் பூச்சியாம்."

தன்னைக் கூட்டிக்கொண்டு போக ஒரு சொந்தம் இருந்ததைப் புரூஃப் ரீடர் அப்போதுதான் கேள்விப்பட்டார்.

"குப்பை வண்டி எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டார். தெரிந்தேதான் கேட்டார். பேச்சு நின்றுவிடக் கூடாதே.

"ஏழு மணிக்கு சார். நீங்க எழுந்திரிக்கலன்னா நான் கூப்பிடறேன். அப்புறம், இந்த வீட்டுக் குழாய்ல காத்து அடைச்சிருக்கு போல. பொழுது சாஞ்சா கர்கர்னு ஒரு சத்தம். பிளம்பரக் கூப்பிட்டுப் பாத்துருங்க."

குழாயாவது ஒன்றாவது. அது அவருடைய இருமல்.

"பாத்துடறேம்மா," என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆய்வாளர் வந்து சேர வேண்டுமா? பைக்கை நிறுத்திவிட்டு, அட்டையில் செருகிய படிவத்தோடு படியேறினார். நேராகத் தையல்காரம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "பக்கத்து வீடா? இங்க ஆள் இருக்காங்களா?"

"இருக்காரே," என்றார் அந்த அம்மா, உதவி செய்கிற சந்தோஷத்தில். "இன்னைக்குத்தான் குடி வந்திருக்காரு."

"அப்ப புதுக் குடித்தனம். புது ரேட்டுதான்." ஆய்வாளர் எழுத ஆரம்பித்தார்.

சும்மா இருந்தால் கட்டணம் மூன்று மடங்கு. வாயைத் திறந்தால் இந்தச் சிரிப்பு போய்விடும். ஆனால் கண்ணெதிரே ஒருவர் தப்பாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்த மனிதரால் முடியவில்லை.

"நிறுத்துங்க," என்றார். "தப்பு. என் தப்புதான். அந்தத் தம்பி நான்தான். என்னை யாரும் கூட்டிட்டுப் போகல. இங்கதான் இருந்தேன்."

தையல்காரம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "ஏழு மாசமாவா?"

"முப்பத்தோரு வருஷமா."

"அப்ப அந்தச் சத்தம்..."

"இருமல்மா."

ஆய்வாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். படிவத்தை அந்த அம்மாவிடம் நீட்டினார். "இவர் இங்கதான் இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும்னா கையெழுத்துப் போடுங்க."

அந்த அம்மா பேனாவை வாங்கவில்லை. "எனக்கு எப்படி சார் தெரியும்? இப்பத்தான் ஒண்ணு சொன்னாரு, இப்ப வேற சொல்றாரு." கோபம் இல்லை, நியாயமான கேள்விதான்.

புரூஃப் ரீடர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஜிப் வைக்கறப்ப உங்க மிஷின் விட்டு விட்டு ஓடும். மழைன்னா பெல்ட் வழுக்கும். போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் மிஷின் ஓடவே இல்ல. அன்னைக்கு ரொம்ப நேரம் அழுதீங்க. சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன். கூப்பிட்டுக் கேக்கலாம்னு நெனச்சேன். தைரியம் வரல."

தையல்காரம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். புரூஃப் ரீடரை ஏறிட்டுப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

"பழைய ரேட்டே வரும்," என்று சொல்லிவிட்டு ஆய்வாளரும் கிளம்பினார்.

ஜெயித்தாயிற்று. ஜெயித்தவர் முன்கதவைச் சாத்தினார். அக்கா அறை விளக்கை அணைத்தார், அடுப்படி விளக்கை அணைத்தார், கடைசியாகக் கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டுச் சுவரோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு குப்பை வண்டி நேரம் கேட்டதோடு எல்லாம் முடிந்துபோயிற்றே என்றிருந்தது. அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மிஷின் மெல்ல ஓட ஆரம்பித்தது.

வழக்கம்போல் இருமல் வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தார், அடங்கவில்லை.

மிஷின் நின்றது.

அவர் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கமும் யாரோ அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் சுவரைப் பார்த்து. "நான்தான்."