ஆழக் குழி

மகள் கிணற்றிலிருந்து வாளியை இழுத்து அண்டாவில் கவிழ்த்தாள். அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர். கிழவர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரவில்லை, பசியும் இல்லை. விடிகாலையில் மனைவியின் மூச்சு நின்றதிலிருந்து உடம்பு யாருடையதோ போலிருந்தது. வயிற்றுப்போக்கு அவளைத் துணி பிழிவதுபோலப் பிழிந்துவிட்டது.

நேற்று வந்த நர்ஸ் கிணற்றைப் பார்த்தாள். பக்கத்திலேயே இருந்த கக்கூஸ் குழியைப் பார்த்தாள். எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். கிழவர் பெருமையாகத்தான் சொன்னார். அந்தக் காலத்தில் குழி வெட்ட வந்த கொத்தன் மார்பளவு போதும், ஊற்றைத் தொடக்கூடாது என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தான். குழிக்கு வாங்கிய சிமென்ட் உறையில் பாதியை அமுக்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்று அவனை விரட்டிவிட்டு, இவரே கடப்பாரை எடுத்து ஊற்றுக்கண் திறக்கும்வரை தோண்டினார். ஆயுசுக்கும் நிறையாது என்று கணக்கு. நிறையவும் இல்லை. என் வீட்டுக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார் என்று மனைவி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"நிறையலன்னா அதெல்லாம் எங்க போகுதுன்னு யோசிச்சீங்களா தாத்தா?" என்றாள் நர்ஸ். கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்கக்கூடாது என்றும் சொன்னாள். ஊசி போட வந்தவள் அதை மட்டும் பார்க்கட்டும் என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மனைவியின் தம்பி வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். அக்காவின் காலைத் தொட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். அக்காவை ஒரு நாளாவது வாய் திறக்க விட்டிருப்பாரா இந்த மனுஷன் என்று பொதுவாகச் சொன்னார். பிறகு தண்ணீர் கேட்டார். மகள் அண்டாவிலிருந்தே ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள்.

சொம்பு உதட்டருகே போயிற்று. கிழவர் எழுந்து போய் அதைப் பிடித்தார்.

"குடிக்காத."

"ஏன் மச்சான், ஒரு வாய் தண்ணிக்குமா கஞ்சத்தனம்?"

"குழித் தண்ணி கிணத்துல கலக்குது. உங்கக்காவுக்கு வந்தது அதுலதான். நேத்தே நர்ஸ் சொல்லிட்டா."

"குழியத் தோண்டினது யாரு?"

"நான்தான்."

மைத்துனர் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்று கல்லைக் கூட்டி, விறகு அடுக்கி, அண்டாவை ஏற்றினாள். செத்தவளுக்கு எதற்கு வெந்நீர் என்று யாரும் கேட்கவில்லை.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி வைத்தார்கள். கிழவர் பக்கத்தில் குந்தி, அதில் விரலை விட்டுப் பார்த்தார். சுட்டது. தோள் துண்டை எடுத்து, தண்ணீர் ஆற மெல்ல விசிற ஆரம்பித்தார்.